விபத்து இழப்பீட்டு வழக்கும் நமது வக்கீலும்

நமது தொழில் சாலையை நம்பிய தொழில். கரிசல் பூமியில் விளைகிற மிளகாய் வற்றலும், உளுந்தும், பாசிப்பயறும், மக்காச்சோளமும் வண்டியேறித்தான் நமது மண்டிகளுக்கு வருகின்றன. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நமது கடலை மிட்டாயும், தீப்பெட்டிப் பண்டல்களும் வண்டியேறித்தான் வெளியூர் போகின்றன. மதுரை - திருநெல்வேலி நெடுஞ்சாலை, முன்பு 7-ஆம் எண், இப்போது 44-ஆம் எண், நமக்கு வாழ்வும் தருகிறது; சில நாள் வயிற்றில் அடிக்கவும் செய்கிறது. சரக்கு எடுக்கப் போனவர் கால் ஒடிந்து திரும்புவதும், மூட்டை இறக்கும் தொழிலாளி முதுகு முறிந்து படுப்பதும் நாம் கேள்விப்படாத செய்திகள் அல்ல.

அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உறவினர் வந்து சேருமுன் ஒரு தரகர் வந்து நிற்கிறார். “கேஸ் நாங்கள் பார்த்துக் கொள்கிறோம், பத்துப் பைசா செலவு வேண்டாம், இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். வலியில் கிடப்பவர் போட்டும் விடுகிறார். தமது வக்கீல் யார், எந்த ஊர், இதில் என்ன அனுபவம் என்று அவருக்குத் தெரியாது. வக்கீலுக்கும் இவர் முகம் தெரியாது.

ஒரு மூட்டை பருப்பு வாங்குவதற்கு முன் கையில் அள்ளி, வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிற நாம், வாழ்நாள் வருமானத்தையே ஒப்படைக்கிற வக்கீலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. காயம்பட்டவருக்காக வழக்காடும் வக்கீல் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், அவர் செய்ய வேண்டிய வேலை என்ன, அவருக்கு நாம் தர வேண்டியது என்ன என்பவற்றை நமது உறுப்பினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமது ஊர் கண்ட வக்கீல்

வக்கீலின் பின்னணி என்றால் அவர் போட்டிருக்கும் பெயர்ப் பலகையோ, வந்து இறங்கும் காரோ அல்ல. யார் பக்கம் நின்றார், அதற்காக எதை இழந்தார், கட்சிக்காரரைப் பாதியில் விட்டாரா என்பதுதான் பின்னணி. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வ.உ.சிதம்பரனார் 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். கப்பலோட்டியவர், செக்கிழுத்தவர் என்று அறிவோம். அவர் தொழிலால் வக்கீல். 1895-ல் ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். தந்தையாரும் பெயர் பெற்ற வக்கீல்தான். தந்தையார் வசதி படைத்தவர்களுக்கு ஆஜராக, மகன் ஏழைகளுக்காக, சில வழக்குகளில் தந்தையாருக்கு எதிர்த் தரப்பிலேயே நின்று வாதாடினார். பிறகு தூத்துக்குடிக்குப் போனார். 1906-ல் வணிகர்களையும் சேர்த்துக் கொண்டு சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அடுத்த மாதமே சிறைக்குப் போனார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது அவர் கையில் தொழில் இல்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிரமப்பட்டுக் காலம் தள்ளினார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னதைத் திரும்பப் பெறுவதற்கு உதவினார். அந்த நன்றிக்காகத் தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. சன்னது கைக்கு வந்ததும் அவர் மீண்டும் கறுப்புக் கோட்டுப் போட்டுத் தொழில் செய்த ஊர் எது தெரியுமா? நமது கோவில்பட்டிதான். 1932-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயரும் வரை இங்கே வழக்காடினார். 1936-ல் காலமானார்.

அவர் தொழிலுக்குத் திரும்பிய அந்தக் காலத்தில்தான், 1924 ஜூலை 1-ஆம் தேதி, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலையில் காயம்பட்டவனுக்கு முதலாளி ஈடு தர வேண்டும் என்று இந்நாட்டில் முதன்முதலாகச் சொன்ன சட்டம் அது. இன்று காயம்பட்டவருக்காக ஆஜராகும் ஒவ்வொரு வக்கீலும் அந்தச் சட்டம் திறந்த வழியில்தான் நடக்கிறார். சன்னதையே பணயம் வைத்த ஒருவர் தொழில் செய்த ஊரில் வக்கீலை எடைபோடுவதற்கு நமக்கு நல்ல படிக்கல் இருக்கிறது.

வக்கீல் செய்ய வேண்டிய வேலை

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். கோர்ட்டில் இதை எம்.சி.ஓ.பி. என்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதில்லை. காயம்பட்டவர் குடியிருக்கும் ஊரிலோ, தொழில் செய்யும் ஊரிலோ செய்யலாம். விழுப்புரத்தில் லாரி மோதியதற்கு விழுப்புரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ஆனால் காலக்கெடு உண்டு. 1994 திருத்தத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் காலக்கெடு இல்லாமல் இருந்தது. 2019-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று ஆகியிருக்கிறது. “மெதுவாகப் பார்த்துக் கொள்வோம்” என்று சொல்கிற வக்கீல் இந்த வேலைக்கு ஆகாதவர்.

நல்ல வக்கீல் முதலில் செய்வது வாதம் அல்ல, காகிதம் சேர்ப்பது. போலீஸ் முதல் தகவல் அறிக்கை, மகஜர், வண்டி ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடை பில்கள், மோதிய வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், ஓட்டுநரின் லைசென்ஸ் நகல்கள் இவை ஒவ்வொன்றையும் அவர் கேட்டு வாங்குவார். முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண் ஒன்று தவறினாலும், காயச் சான்றில் “தானாக விழுந்தார்” என்று ஒரு சொல் விழுந்தாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துத் திருத்த முயல்பவர்தான் அக்கறை உள்ளவர்.

எந்தப் பிரிவில் கேட்பது என்பதும் வக்கீலின் யோசனைக்கு உரியது. யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெறலாம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவு மனு போய்விடும். அவசரத்துக்குக் கிடைக்கும் இரண்டரை லட்சத்தை வாங்கிக் கொண்டு, பொறுத்தால் கிடைத்திருக்கக் கூடிய இருபது லட்சத்தை இழக்கக் கூடாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கோர்ட்டுக்கே போக வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்குக் கோட்டாட்சியர், வட்டாட்சியர் போன்ற வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் முதல் நாளிலேயே விளக்கிச் சொல்வது வக்கீலின் கடமை.

கணக்கு நோட்டே சாட்சி

இழப்பீட்டுத் தொகை நீதிபதியின் மனம் போல் வருவதல்ல. அதற்குக் கணக்கு உண்டு. 2009-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகள் அந்தக் கணக்கை ஒரு வழிக்குக் கொண்டு வந்தன. ஆண்டு வருமானத்தோடு எதிர்கால உயர்வைச் சேர்க்க வேண்டும். சுயதொழில் செய்பவருக்கு 40 வயதுக்குள் 40 சதவீதம், 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். பிறகு வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 36 முதல் 40 வயதுக்கு 15, 41 முதல் 45-க்கு 14, 46 முதல் 50-க்கு 13 என்று வயது ஏற ஏற இது குறையும். காயம் என்றால் உழைக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போனதோ அந்த அளவு கிடைக்கும். வைத்தியச் செலவு, வலி வேதனைக்கு உரியது எல்லாம் தனி.

ஒரு மளிகைக் கடைக்காரரை எடுத்துக் கொள்வோம். வயது 42. விபத்தில் கால் போய், உழைக்கும் சக்தியில் 60 சதவீதம் இழந்தார் என்று முடிவாகிறது. மாத வருமானம் 20,000 ரூபாய் என்பதைக் கணக்கு நோட்டாலும் வருமான வரிக் கணக்காலும் காட்டுகிறார். ஆண்டுக்கு 2,40,000. அதில் 25 சதவீதம் சேர்த்தால் 3,00,000. பதினான்கால் பெருக்கினால் 42,00,000. அதில் 60 சதவீதம் 25,20,000 ரூபாய்.

அதே வயது, அதே காயம், அதே வியாபாரம். ஆனால் எந்தக் கணக்கும் இல்லை. தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 12,000 என்று எடுத்துக் கொள்கிறது என்று வைத்துக் கொள்வோம். அதே பெருக்கலில் வருவது 15,12,000 ரூபாய். வித்தியாசம் 10,08,000. இந்தப் பத்து லட்சத்தை எந்த வக்கீலாலும் வாதாடிக் கொண்டு வர முடியாது. அது கல்லாப் பெட்டிக்கு அருகே இருக்க வேண்டிய நோட்டில் இருக்கிறது.

வரிக்குப் பயந்து குறைத்துக் காட்டும் கணக்கும் இப்படித்தான். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் நமது வருமான வரிக் கணக்கையே எடுத்து வைத்து, “இவர் சம்பாதித்தது இவ்வளவுதான் என்று இவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்” என்பார். அதற்கு மறுமொழி இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று பெரியவர்கள் கேட்டது சும்மா அல்ல.

காகிதம் இல்லாத சிறு வியாபாரிக்கு வழியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2014-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்தில் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கைத் தீர்த்தது. காய்கறி விற்பவர் உட்கார்ந்த இடத்திலேயே விற்கலாமே என்று கீழே சொல்லப்பட்டிருந்த காரணத்தை அது ஏற்கவில்லை. மொத்தச் சந்தைக்கோ விவசாயியிடமோ போய்க் கொள்முதல் செய்யாமல், வண்டி தள்ளாமல் காய்கறி வியாபாரம் ஏது என்று பார்த்தது. ஆவணம் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானத்தை ஒப்புக் கொண்டு, உழைப்பு இழப்பை 85 சதவீதமாக நிர்ணயித்தது. நமது தொழிலின் நடைமுறையை நீதிமன்றத்துக்குப் புரிய வைக்க ஒரு வக்கீல் பட்ட பாட்டின் பலன் அது.

இதில் ஒரு நுணுக்கத்தையும் அறிய வேண்டும். டாக்டர் எழுதித் தரும் ஊனச் சதவீதம் வேறு, உழைப்பு இழப்பின் சதவீதம் வேறு. 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கை போனவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பு முழுவதும் போயிற்று. அவரே அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே, “நீங்கள் கடையில் என்ன செய்வீர்கள், எத்தனை கிலோ தூக்குவீர்கள், எத்தனை மணிக்குக் கொள்முதலுக்குப் போவீர்கள்” என்று துருவித் துருவிக் கேட்கும் வக்கீலிடம் எரிச்சல் படக்கூடாது. அவர் வழக்கைக் கட்டிக் கொண்டிருக்கிறார்.

சரக்கோடு போகிறவர்கள் கவனத்துக்கு

நம்மில் பலர் சரக்கு எடுக்கப் போனால் அந்த லாரியிலோ குட்டி யானை வண்டியிலோ ஏறி வந்துவிடுகிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பல்ல என்பது 2003-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்த விஷயம். ஆனால் வண்டியில் உள்ள சரக்கின் சொந்தக்காரருக்கோ, அவருடைய பிரதிநிதிக்கோ 1994 திருத்தத்தின்படி பாதுகாப்பு உண்டு. ஆகவே சரக்கோடு வருபவர் தம் பெயரில் அல்லது கடை பெயரில் உள்ள பில்லைச் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையை அனுப்பினால் அவர் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். ஒரு துண்டுச் சீட்டு, ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

நமது கடையில் காயம்பட்டால்

இதுவரை நாம் மனுதாரராக நிற்பதைப் பார்த்தோம். எதிர்மனுதாரராக நிற்கும் நாளும் வரலாம். கடைப் பையன், சுமைத் தொழிலாளி, வண்டி ஓட்டுநர் ஆகியோர் வேலையின்போது காயம்பட்டால் ஈடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது, பொறுப்பு நீங்கிவிடவில்லை. இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு அந்தத் திட்டத்திலிருந்து கிடைக்கும். மற்றவர்களுக்கு நாம்தான்.

இதற்கும் கணக்கு உண்டு. மரணம் என்றால் மாதக் கூலியில் பாதியை, முழு ஊனம் என்றால் 60 சதவீதத்தை, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலி 15,000 வாங்கும் 40 வயதுச் சுமைத் தொழிலாளிக்கு உழைக்கும் சக்தியில் 30 சதவீதம் போய்விட்டால் வருவது 4,97,259 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. காரணமில்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விழும். “ஒன்றும் கேட்க மாட்டேன்” என்று தொழிலாளியிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக் கொள்வது செல்லாது.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு மண்டியில் அடுக்கு சரிந்து ஒரு சுமைத் தொழிலாளியின் முழங்கால் நொறுங்கியது. அவருக்காக வந்த வக்கீல் இளைஞர், பக்கத்துக் கிராமத்துக்காரர். மண்டிக்காரரோடு சண்டைக்கு வரவில்லை. “அண்ணாச்சி, இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறதா? கூலி நோட்டைப் பார்க்கலாமா?” என்றுதான் கேட்டார். இரண்டும் இருந்தன. விசாரணையில் கம்பெனித் தரப்பு, காயம்பட்டவர் நடக்கிறாரே என்றது. “நடக்கிறார். ஐம்பது கிலோ மூட்டையோடு பலகை ஏறுவாரா?” என்று அந்த வக்கீல் டாக்டரிடம் கேட்டார். முடியாது என்றார் டாக்டர். வழக்கு அந்த ஒரு கேள்வியில் தீர்ந்தது. தொகையைக் கம்பெனி கட்டியது. தொழிலாளிக்கும் மண்டிக்காரருக்கும் பேச்சு முறியவில்லை. இன்றைக்கும் அவர் அதே மண்டியில் எடை பார்க்கிறார். எதிர்த் தரப்பில் நிற்கும் நல்ல வக்கீலாலும் நமக்கு நன்மை உண்டு என்று அன்று கண்டோம்.

தீப்பெட்டித் தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். காஷ்மீர்ப் பகுதியின் ரஜௌரியில் பிறந்த எம்.சி.மேத்தா என்ற வக்கீல், சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளுக்காக 1986-ல் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்குச் சிவகாசியில் சொந்தமும் இல்லை, சொத்தும் இல்லை. 1990 அக்டோபர் 31-ல் வந்த தீர்ப்பு, தொழிலாளி ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்கு இன்சூரன்ஸ் செய்ய வேண்டும், பிரீமியத்தை முதலாளியே கட்ட வேண்டும் என்றது. அதோடு அவர் விட்டுவிடவில்லை. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், குழந்தையை ஆபத்தான தொழிலில் வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. ஒரே வழக்கில் பத்து ஆண்டுகள் நின்றதைத்தான் கட்சிக்காரரிடம் பற்று என்கிறோம்.

ஃபீஸ் விஷயம்

“வருகிற தொகையில் இத்தனை சதவீதம்” என்று பேசி முடிப்பது பல இடங்களில் வழக்கமாகி இருக்கிறது. அமெரிக்காவில் இது சட்டப்படியே நடக்கிறது. அங்கே காயம்பட்டவரின் வக்கீல் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு போல எடுத்துக் கொள்வார், தோற்றால் ஃபீஸ் இல்லை. சாலையோரப் பலகைகளிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரமும் செய்வார்கள். நமது நாட்டில் இரண்டுக்கும் தடை. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், வரும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விளம்பரம் செய்வதும், தரகர் வைத்துக் கட்சிக்காரர் பிடிப்பதும் அவ்வாறே.

ஏன் இந்தத் தடை? பங்குக்காரராகிவிட்ட வக்கீலுக்கு வழக்கு சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசை வரும். பன்னிரண்டு லட்சத்துக்கு நியாயம் உள்ள வழக்கை ஐந்து லட்சத்துக்கு ராஜி பேசிவிடத் தோன்றும். நமக்கு யோசனை சொல்ல வேண்டியவர் நமது கூட்டாளி ஆகிவிட்டால் நடுநிலையான யோசனை எங்கிருந்து வரும்? வியாபாரிகளாகிய நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எடை போடுபவனுக்கே சரக்கில் பங்கு இருந்தால் தராசு எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும்.

வக்கீலுக்கு ஃபீஸ் தருவது நியாயம். உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். எவ்வளவு, எப்போது என்று முதலிலேயே பேசி, ரசீது பெற்றுக் கொள்வது இருவருக்கும் மரியாதை. கொடுக்க முடியாதவருக்கும் வழி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர் முதலியோருக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். கோர்ட் வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் ராஜியாகப் போவதும் நல்லதே. ஆனால் அங்கே ஆன முடிவுக்கு அப்பீல் இல்லை. தொகை நியாயமா என்று தெரிந்து கொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வக்கீலை அமர்த்துமுன் நமது உறுப்பினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நலம்.

1. விபத்து வழக்குகளை எத்தனை ஆண்டாக நடத்துகிறார்? வழக்கு முடித்துக் கொடுத்த இரண்டு பேரையாவது நாம் விசாரித்தோமா?

2. எதிர்த் தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் பட்டியலில் இவர் இருக்கிறாரா? இருந்தால் அந்தக் கம்பெனிக்கு எதிரான வழக்கை இவரிடம் தருவது முறையல்ல.

3. வழக்கை இவரே நடத்துவாரா, வேறொருவரிடம் கைமாற்றுவாரா? விசாரணை நாளில் யார் வருவார்?

4. வக்காலத்தில் எல்லா இடங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா? வெற்றுத்தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும்.

5. மனுவின் நகல் தருவாரா? மனு எண், அடுத்த வாய்தா தேதி ஆகியவற்றை எழுதித் தருவாரா?

6. பணம் யார் கணக்கில் வரும்? காயம்பட்டவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். இழப்பீட்டை நேராக அவ்வாறே செலுத்த வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பாஸ்புக்கும் செக் புத்தகமும் நம் கையிலேயே இருக்க வேண்டும்.

7. வழக்கின் பலவீனத்தை அவர் சொல்கிறாரா? லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினோம், ஹெல்மெட் போடவில்லை என்றால் தொகை குறையலாம் என்று முகத்துக்கு நேரே சொல்பவரை நம்பலாம். “கண்டிப்பாக ஐம்பது லட்சம்” என்பவரை நம்பக் கூடாது.

நமது பங்கு

வக்கீலிடம் பற்றை எதிர்பார்க்கும் நாமும் அவருக்குச் சில கடமைகள் பட்டிருக்கிறோம். அவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. கூப்பிட்ட நாளில் போக வேண்டும். மருந்துச் சீட்டு ஒன்றையும் தூக்கி எறியக் கூடாது. அன்றாடக் கணக்கை அன்றே எழுத வேண்டும். ஆட்களுக்குக் கூலி நோட்டு வைத்து, கையெழுத்து வாங்கி, இன்சூரன்ஸ் பாலிசியைக் காலாவதியாகாமல் புதுப்பித்து வர வேண்டும். வண்டியின் இன்சூரன்ஸும் ஓட்டுநரின் லைசென்ஸும் எந்தத் தேதியில் முடிகின்றன என்பதைக் கடைக் காலண்டரில் குறித்து வைத்தாலே பாதிக் கவலை தீரும்.

விபத்து சொல்லிக் கொண்டு வருவதில்லை. ஆனால் விபத்துக்குப் பிந்திய முதல் வாரம் நமது கையில் இருக்கிறது. அந்த வாரத்தில் தரகருக்குக் கதவைச் சாத்திவிட்டு, நமக்காக நிற்கக் கூடிய ஒருவரைத் தேடிப் போக வேண்டும். சங்க உறுப்பினர் எவருக்காவது அப்படி ஒரு நாள் வந்தால், அனுபவப்பட்ட மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் உடன் இருந்து வழி காட்டுவதை ஒரு வழக்கமாகவே கொள்ளலாம். அதற்குத் தீர்மானமும் நிதியும் தேவையில்லை. கடையை ஒரு மணி நேரம் பையனிடம் விட்டுவிட்டுப் போனால் போதும்.